கேட்காமல் போன ஒரு வசனம்

என் அக்காள் பெங்களூரை அடுத்த பொம்மசந்திராவில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறாள். தகட்டை அறுத்து வளைக்கும் பிரஸ் எந்திரங்களின் நடுவே நின்று நின்று அவள் செவி கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டது. எதிரே நின்று பேசினால் விளங்கும். சிறிது இரைச்சல் கலந்தாலும் பேச்சு அவளுக்குக் கூழாகிவிடும். இதை அவள் தொழிற்சாலையில் எவரிடமும் சொல்லவில்லை. காது மந்தம் என்று பெயர் வந்துவிட்டால், பிறகு ஒன்று கத்திப் பேசுவார்கள், அல்லது பேசவே மாட்டார்கள். உடன் வேலை செய்த ஒருத்திக்கு அப்படி நேர்ந்ததை அவள் கண்ணாலேயே பார்த்திருக்கிறாள்.

மறைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அங்கே மதிய உணவு வேளையில் சினிமாக் கதை சொல்பவள் அவள்தான். ஞாயிறு காலைக் காட்சியில் பார்த்த படத்தைத் திங்கட்கிழமை வசனம் வசனமாகச் சொல்லுவாள். கிருஷ்ணகிரி, திருப்பத்தூர்ப் பக்கங்களிலிருந்து வந்து ஹெப்பகோடியில் ஓர் அறைக்கு நால்வராகத் தங்கியிருக்கும் பெண்கள், டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவளைச் சுற்றி உட்காருவார்கள். கணவரை இழந்து என் வீட்டுக்கு வந்து சேர்ந்தவளுக்குத் தன்னுடையது என்று இருந்தது அந்த அரைமணி நேரம் ஒன்றுதான்.

இக்காலத்துப் படங்களோ நல்ல செவி உடையவர்க்கே விளங்குவதில்லை. நடிகர் உதட்டுக்குள்ளேயே முணுமுணுக்கிறார். அவர் கதவைச் சாத்தினால் இடி விழுகிறது. ஒருவர் துயரத்தோடு ஒரு சொல் சொல்லவேண்டிய இடத்தில் உட்கார்ந்திருக்கும் இருக்கை அதிர்கிறது. அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தே வாழ்நாளைக் கழித்தவன் நான். பிழை மலிந்த ஒரு நூலைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லிவிட்டு, பக்கத்துக்குப் பக்கம் தலையில் குட்டினால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் இருக்கிறது எனக்கு.

பெங்களூரில் தமிழ்ப் படங்களைப் பெரும்பாலும் திரையின் அடியில் ஆங்கில வரிகளோடு காட்டுகிறார்கள். அவற்றைப் படித்து, தமிழாக்கி, அக்காளின் காதருகே சொல்வது என் வழக்கமாயிற்று. தமிழர் பேசும் தமிழை ஆங்கிலத்தின் வழியே மீட்டெடுப்பதில் எனக்கு வெட்கம் இல்லாமலில்லை. அவளுக்கு அது வேடிக்கை.

“இன்னாடா இது, ரவுடி இவ்ளோ மரியாதையாவா திட்டுவான்?” என்று இருட்டில் என் தொடையைக் கிள்ளுவாள். திங்கட்கிழமை அதைத் தன் நடையில் மாற்றிக்கொள்வாள்.

ஒரு ஞாயிறு, படம் தொடங்கிய பிறகே அந்தக் காட்சிக்கு ஆங்கில வரிகள் இல்லை என்று தெரிந்தது. முன்பாதியைக் கேட்டது பாதி, ஊகித்தது பாதியாக ஒப்பேற்றினேன். முடிவில், குத்துப்பட்ட தகப்பன் ஒருவன் மழையில் மகளின் மடியில் கிடந்து ஏதோ சொல்கிறான். மழை, பறை, தூரத்தில் ஓடும் ரயில் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டன. அவன் வாய் அசைந்தது. மகள் அலறினாள்.

அக்காள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். “இன்னாடா சொன்னான்?”

எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. பின்வரிசையில் ஒருவர் தம் மனைவியிடம் “ஏனந்தா?” என்று கன்னடத்தில் அதையே விசாரித்துக்கொண்டிருந்தார். தெரியவில்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அத்தனை ஞாயிறுகள் அவளுக்குச் செவியாக இருந்த செருக்கு என்னை விடவில்லை.

“உன்னைத் தனியா விட்டுட்டுப் போறேன், என்னை மன்னிச்சிடுங்கறான்” என்றேன்.

அக்காள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் மாலை அவள் வேலையிலிருந்து திரும்பி, கைப்பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். நடந்ததைச் சொன்னாள். தகப்பன் மன்னிப்புக் கேட்கும் கட்டத்தை அவள் தழுதழுத்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தபோது, புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி குறுக்கிட்டிருக்கிறாள். அதே படத்தை வேறொரு திரையரங்கில் ஆங்கில வரிகளோடு பார்த்தவள் அவள்.

“யக்கா, அவன் எங்க மன்னிப்பு கேட்டான்? உங்கம்மாவக் கொன்னதே நான்தான்னு சொல்றான். அதுக்குத்தான அந்தப் பொண்ணு அப்படிக் கத்துது!”

“இல்லடீ. நான் நேத்துதான் பாத்தேன்.”

“யக்கா வேற தியேட்டர்ல பூந்து வேற படம் பாத்துட்டு வந்துச்சுடீ” என்று மற்றொருத்தி சொல்ல, எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். அக்காள் விட்டுக்கொடுக்காமல் வாதாடியிருக்கிறாள். அப்போது முதுகுக்குப் பின்னாலிருந்து ஒருத்தி ஏதோ கேட்டிருக்கிறாள், அக்காள் திரும்பவில்லை. இரண்டாம் முறையும் கேட்டிருக்கிறாள். பிறகு அந்தப் புதுப் பெண் எழுந்து வந்து, அக்காளின் முகத்துக்கு நேரே குனிந்து, ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துக் கேட்டாளாம்: “அக்கா… காது… கேக்கலையா?”

சிரிப்பு அத்தோடு நின்றுவிட்டது.

“சிரிச்சிக்கினே இருந்திருக்கலாம்” என்றாள் அக்காள்.

நான் அவள் எதிரில் உட்கார்ந்து உண்மையைச் சொன்னேன். “எனக்கும் கேக்கலக்கா. அங்க ஒருத்தருக்குமே கேக்கல. நானாத்தான் அப்படிச் சொன்னேன்.”

கைப்பையைத் தோளிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். கோபப்பட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

“அத அங்கயே சொல்றதுக்கு இன்னாடா? ‘அந்த எடத்துல ஒரே சத்தம்டீ, ஒண்ணும் புரியல’ன்னு நானும் சொல்லிட்டுப் போயிருப்பேன். ஆமாங்க்கா, எங்களுக்கும் அப்படித்தான்னு அவளுங்களும் சொல்லியிருப்பாளுங்க.”

அவள் அஞ்சியதுதான் நடந்தது. மேற்பார்வையாளர் இப்போது அவளிடம் கைச்சாடையில் பேசுகிறார். பெண்கள் கெட்டவர்கள் அல்லர். அவளுக்கு இடம்விட்டு நகர்ந்து உட்காருகிறார்கள். “சாப்டியாக்கா?” என்று உரக்கக் கேட்கிறார்கள். பிறகு தங்களுக்குள் திரும்பிக்கொள்கிறார்கள். படத்துக்குப் போகலாமா என்று நான் இருமுறை அழைத்துப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

திங்கட்கிழமைகளில் அந்தப் புதுப் பெண்தான் கதை சொல்கிறாள்.

“நல்லாத்தான் சொல்றா போலருக்கு” என்றாள் அக்காள் ஒருநாள், சோற்றைப் பிசைந்தபடி. “எல்லாரும் சாப்பிடறத வுட்டுட்டு அவ வாயையே பாக்கறாளுங்க.”