நலமாக இருக்கிறார்

செம்பாக்கம் ஏரிக்கரையில் இருந்த அந்தப் பெண்கள் இல்லத்துக்குப் பலகையில் நல்ல பெயர் ஒன்று எழுதியிருந்தது. அந்தப் பெயரை யாரும் வாயால் சொன்னதில்லை. “லூசு வூடு எறங்கு” என்றுதான் பஸ் கண்டக்டர் குரல் கொடுப்பார். 1984 ஜூனில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், அந்தக் குரலுக்கு எழுந்து நின்ற பேபியை பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. “நான் லூசு இல்லீங்க, லூசுங்களுக்கு மேடம்” என்று சொல்லிவிட்டு இறங்கினாள். எல்லாரும் சிரித்தார்கள். அவளுக்கும் அது பிடித்திருந்தது.

அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. அப்பா ஏசுபாதம், சானடோரியத்தில் வார்டு உதவியாளர். மாதா கோயிலில் வைத்த பெயர் வேறு. பிறப்புச் சீட்டில் நர்ஸ் எழுதிய ‘பேபி’ மாறாமல் பள்ளிக்கூடம் வரை வந்து அப்படியே ஒட்டிக்கொண்டது. நகரத்தில் சமூகப்பணி படித்துத் திரும்பியவளுக்கு மூன்று நல்ல வேலைகள் வந்தன. அதையெல்லாம் விட்டுவிட்டு இதைத்தான் எடுத்துக்கொண்டாள். முதல் நான்கு வருஷம் அவள் உழைத்ததைக் குறை சொல்ல ஒருவராலும் முடியாது. தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து போலீஸ்காரர்கள் கொண்டுவந்து தள்ளிவிட்டுப் போகும் பெண்களைத் தன் கையாலேயே குளிப்பாட்டுவாள். சடை பிடித்த தலையில் மண்ணெண்ணெய் தடவி, ஈர் போக, பொறுமையாக வெட்டியெடுப்பாள். ஒருத்தி கடித்த தழும்பு இடது மணிக்கட்டில் கடைசிவரை இருந்தது.

கிளியம்மாள் வந்தது 1986இல். முப்பத்தைந்து வயது இருக்கும். ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று சேலை சுற்றியிருந்தாள். பதினோரு மாதம் ஒரு வார்த்தை பேசவில்லை. பதினைந்து நாளுக்கொரு ஊசி, வேளாவேளைக்கு மாத்திரை. ஒரு நாள் சமையற்கட்டில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தவள் தானாகவே சொன்னாள்: “எங்க வூட்டு அரிசில கல்லே இருக்காது. அம்மா பொடச்சா அப்டி இருக்கும்.”

பேபி கரண்டியைக் கீழே போட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். “உங்க வூடு எங்க?”

“கூடுவாஞ்சேரி.”

இருபது நிமிஷ ரயில். அவ்வளவுதான். பெயர், அம்மா கங்கையம்மாள், அண்ணன் பொன்னுரங்கம், அண்ணி செல்லம்மா, விட்டுவிட்டுப் போன புருஷன் என்று எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. “தாம்பரத்துக்கு எப்படி வந்தே?” என்று கேட்டதற்கு, “அண்ணன்தான் கூட்டியாந்துச்சு. இங்கயே குந்து, பன்னு வாங்கியாறேன்னு போச்சு” என்றாள்.

பேபி அதை மறுபடி ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டாள். ஆனால் கோப்பில் எழுத உட்கார்ந்தவள், ‘ரயில் நிலையத்தில் குடும்பத்தாரைத் தவறவிட்டவர்’ என்று எழுதினாள். நோயாளி சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியுமா என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டாள். அதற்குப் பின்னால் வேறு காரணம் இருந்தது. இல்லத்தின் தலைவர் யக்ஞநாராயணன், ஓய்வுபெற்ற ரயில்வே அதிகாரி, ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: “எத்தனை பேர் வீடு திரும்பினா?” வெளிநாட்டு அமைப்பு ஒன்று அதற்குத்தான் உதவி செய்யத் தயாராக இருந்தது. பேபி வந்து மூன்று வருஷத்தில் ஒருத்திகூட வீடு திரும்பியிருக்கவில்லை.

1988 தையில் கிளியம்மாளை வேனில் ஏற்றிக்கொண்டு கூடுவாஞ்சேரிக்குப் போனார்கள். கூட ஒரு பத்திரிகைக்காரர். தெரு முனை வந்ததும் கிளியம்மாள் வேன் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“வேணாம்மா. நா அங்கயே இருந்துக்கறேன். பாத்திரம் கழுவறேன்.”

“அசடு. அது உன் வீடு. நான் மாசாமாசம் வந்து பார்ப்பேன், சரியா?”

பேபி அந்த விரல்களை ஒவ்வொன்றாகக் கதவிலிருந்து பிரித்தாள். பிரியமாகத்தான் பிரித்தாள்.

பொன்னுரங்கம் தங்கையைக் கட்டிக்கொண்டு ஊரே கேட்கும்படி அழுதான். மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. அண்ணன் தோளில் தங்கையின் தலை, பக்கத்தில் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் பேபி. அந்தப் படத்தில் பேபியின் வாழ்க்கை ஏறி உட்கார்ந்துகொண்டது. உதவி வந்தது. சொந்தமாகப் புது வேன் வந்தது. வீடு திரும்பும் திட்டத்துக்கு அவளே பொறுப்பாளர். அதன்பின் ஒருத்தி, இன்னொருத்தி என்று 1992க்குள் கிளியம்மாளோடு சேர்த்து நாற்பத்துமூன்று பெண்கள் வீடு போனார்கள். அந்த வருஷம் அவளை இயக்குநர் ஆக்கினார்கள். நகரத்துப் பெரிய ஹோட்டல் அரங்குகளில் பேசக் கூப்பிட்டார்கள். எங்கே போனாலும் கிளியம்மாள் கதையைத்தான் சொல்வாள். கல்லில்லாத அரிசியைச் சொல்லிவிட்டு எவ்வளவு நேரம் நிறுத்தினால் கைக்குட்டைகள் வெளியே வரும் என்பது அவளுக்கு அத்துபடியாகிவிட்டது. பன்னு விஷயத்தை எந்த மேடையிலும் சொன்னதில்லை.

வீடு திரும்பியவர்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி. முதல் வருஷம் இரண்டு தடவை போனாள். கிளியம்மாள் மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தாள். பிறகு மாத்திரை வாங்கப் பொன்னுரங்கமே வர ஆரம்பித்தான். வரும்போது ஒரு பை கத்தரிக்காய் கொண்டுவருவான்.

“கிளியம்மா எப்படி இருக்கா, பொன்னுரங்கம்?”

“சூப்பரா கீதும்மா. வூட்டு வேலை மொத்தம் அதான் பாக்குது.”

‘நலமாக இருக்கிறார்’ என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவாள். ஆறு வருஷம் அதே இரண்டு வார்த்தை, அதே கையெழுத்து.

1995இல் ஜி.எஸ்.டி. ரோடு நெடுக வயல்களில் வெள்ளைக் கல் முளைத்துக்கொண்டிருந்தது. பொன்னுரங்கம் இந்தத் தடவை கத்தரிக்காய் இல்லாமல் வந்தான். வெள்ளைச் சட்டை, விரலில் மோதிரம். இறந்துபோன அம்மா பேரில் இருந்த நிலத்தை மனை போடுகிறார்களாம். தங்கைக்கும் அதில் பாதி பாத்தியதை உண்டு. அவள் அண்ணனுக்கு விட்டுக்கொடுத்து எழுதித் தரச் சம்மதமாம். மனநோய்க்கு வைத்தியம் எடுத்தவள் என்பதால் பத்திர ஆபீசில் யாராவது கேள்வி கேட்பார்களோ என்று பயம்.

“பூரா கொணமாயிடுச்சு, புரிஞ்சி கையெழுத்து போடுதுன்னு ஒரு லெட்டர் குட்தா போதும்மா.”

“அவளையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே?”

“காச்சல்மா. இன்னொரு நாள் இட்டாறேன்.”

பேபி பதிவேட்டைப் புரட்டினாள். பக்கம் பக்கமாகக் கிளியம்மாள் நலமாகத்தான் இருந்தாள். தட்டச்சுக்காரியைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்ல அடிக்கச் சொன்னாள். வாரம் ஒருநாள் வரும் டாக்டர், மேடம் சொன்னால் சரி என்று கையெழுத்துப் போட்டார். தான் கொண்டுபோய் விட்ட முதல் பெண் சொத்துக் கையெழுத்துப் போடும் அளவுக்கு வந்துவிட்டாளே என்று அன்று முழுக்க அவளுக்குப் பெருமை.

அந்த மாதம்தான் ரமா என்கிற புதுப் பெண் வேலையில் சேர்ந்தாள். கோப்புகளை அடுக்கும் வேலை கொடுத்தார்கள். கிளியம்மாளை ஆறு வருஷமாக இல்லத்தார் ஒருவரும் நேரில் பார்க்கவில்லை என்பது அவள் கண்ணில் பட்டது. யாரிடமும் கேட்காமல் ஒரு சனிக்கிழமை ரயிலேறிப் போய்விட்டு வந்தாள். திங்கட்கிழமை காலை பேபியின் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

“மேடம், மோட்டார் ரூம்ல வெச்சிருக்காங்க.”

“எதை?”

“கிளியம்மாளை.”

அப்போதே வேனை எடுத்தார்கள். வயல் முழுவதும் வெள்ளைக் கல் நட்டு மனைகளாகியிருந்தது. கிணற்று மோட்டார் அறை மட்டும் இன்னும் இடிபடாமல் நின்றது. கதவைத் திறந்ததும் வந்த நாற்றத்தில் பேபி முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டாள். கணுக்காலில் மாட்டுச் சங்கிலி. சங்கிலி உரசிய இடத்தில் புண் காய்ந்து, மறுபடி கிழிந்து, கறுத்துக் கிடந்தது. மொட்டைத் தலை. முன்பல் இரண்டு இல்லை. யாரோ ஒரு கிழவி என்றுதான் பேபி முதலில் நினைத்தாள். கிழவி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

“மாசாமாசம் வர்றேன்னு சொன்னியே.”

பேபி வாசலைவிட்டுப் பின்னுக்கு நகர்ந்தாள். வெளியே அண்ணி செல்லம்மா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். ரமா கேட்கக் கேட்கத்தான் ஒவ்வொன்றாகச் சொன்னாள். நாலு மாத்திரையை ஒரே வேளையில் கொடுப்பார்களாம், தூங்கட்டும் என்று. பத்திரப் பதிவு அன்றைக்கு மட்டும் குளிப்பாட்டி, புதுச் சேலை கட்டி, காரில் கூட்டிப்போனார்களாம். விரலைப் பிடித்து மையில் அழுத்தியது பொன்னுரங்கமாம்.

பொன்னுரங்கம் பதறவில்லை. பல்குச்சியோடு வந்தான்.

“ரோட்ல துணியில்லாம ஓடுதும்மா. இன்னா பண்ண சொல்ற? எம்பொண்ணுக்கு நாளைக்கி மாப்ள வர வேணாமா?”

“போலீசுக்குப் போறேன்.”

“போயேன். நல்லா கீது, புரிஞ்சி கையெழுத்து போடுதுன்னு நீ குட்த லெட்டரு என் பத்திரத்தோட கீது. நா கட்டிப் போட்டன்னு சொன்னா, அப்போ லெட்டர் எப்டி குட்தன்னு உன்னத்தான் மொதல்ல கேப்பான்.”

சங்கிலியின் சாவியைத் தூக்கிப் போட்டான். “இட்னு போ. எனக்கும் பேஜார் வுட்டுச்சு.”

அன்று மாலை யக்ஞநாராயணன் வீட்டில் பேபி எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“தாராளமா கேஸ் போடுங்கோ, பேபி. நான் தடுக்கலை. ஆனா லெட்டர் நம்ம லெட்டர். அடுத்த மாசம் வெளிநாட்டுக்காரா பார்க்க வரா. உள்ளே அறுபது பேர் சாப்பிட்டாகணும். மீதி நாற்பத்திரண்டு பேரையும் போய்ப் பார்க்கச் சொன்னா போவேளா?”

அந்த நாற்பத்திரண்டு பேரை அதுவரை பேபி நினைத்தே பார்க்கவில்லை. வீடு திரும்பும்போது, கேஸ் வேண்டாம் என்று முடிவு செய்திருந்தாள்.

ஆனால் கிளியம்மாளை எந்தப் பெயரில் உள்ளே சேர்ப்பது? கோப்புப்படி அவள் கூடுவாஞ்சேரியில் நலமாக இருக்கிறாள். அவளைத் தெரிந்த பழைய ஆயாக்கள் யாரும் இப்போது வேலையில் இல்லை. பேபி புதுப் படிவம் ஒன்றை எடுத்தாள். ‘எல்லம்மா. வயது சுமார் 45. முகவரி தெரியவில்லை’ என்று எழுதி, சாட்சிக் கையெழுத்துக்கு ரமாவிடம் நீட்டினாள்.

“அவங்க பேரு கிளியம்மாள், மேடம்.”

“உனக்கு வேலை வேணுமா, வேண்டாமா?”

ரமா பேனாவை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். அனுபவச் சான்றிதழ் கேட்டு அவள் எழுதிய கடிதத்துக்கு, ‘நோயாளிகளிடம் நிதானமாக நடந்துகொள்ளத் தெரியாதவர்’ என்று பேபி தன் கைப்பட எழுதி அனுப்பினாள். ரமாவுக்கு அப்புறம் இந்தத் துறையில் யாரும் வேலை கொடுக்கவில்லை.

அடுத்த வருஷம் டாக்டர் மாறினார். புதியவர் இளவயது, கவனமானவர். எல்லம்மாவின் முதல் பக்கத்தில் அவர் எழுதியது: ‘தன் பெயர் வேறு என்கிறார். தனக்கு நிலம் இருப்பதாகவும், அண்ணன் விரலைப் பிடித்து எழுதி வாங்கியதாகவும், இயக்குநர் தன்னை முன்பே அறிவார் என்றும் திரும்பத் திரும்பச் சொல்கிறார். உறுதியான பிரமை.’ அடியில் மருந்தின் அளவை ஏற்றியிருந்தார்.

ஒப்புதலுக்கு அந்தக் கோப்பு பேபியின் மேஜைக்கு வந்தது. படித்தாள். இரண்டாம் தடவையும் படித்தாள். கையெழுத்துப் போட்டாள்.

மருந்தில் கிளியம்மாளின் நாக்கு தடித்தது. கை நடுங்கித் தட்டிலிருந்த சோறு கீழே சிந்தியது. ஆனாலும் சொல்வதை விடவில்லை. வாசல் பெருக்குகிறவளிடம் சொன்னாள், பால்காரரிடம் சொன்னாள். சொல்லும்போதெல்லாம் அளவு ஏறியது. 1997 மழைக்காலத்தில் ஒரு நாள் சொல்வதை நிறுத்திவிட்டாள். டாக்டர் சந்தோஷப்பட்டார். ‘நல்ல முன்னேற்றம். பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறார்.’

அந்த வரியைப் படித்த மத்தியானம் பேபி அவளைத் தன் அறைக்குக் கூட்டிவரச் சொன்னாள். ஆயாவை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். எதற்காகக் கூப்பிட்டோம் என்று அவளுக்கே தெரியவில்லை. மன்னிப்புக் கேட்க என்றுகூட இருக்கலாம். கிட்டே போய், மெதுவாகக் கூப்பிட்டாள்.

“கிளியம்மா.”

அவள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். தலையை வேகமாக ஆட்டினாள்.

“எல்லம்மா மேடம். எம்பேரு எல்லம்மா. எனக்கு நெலம் இல்ல, அண்ணன் இல்ல, ஒண்ணுமில்ல. நா சரியாயிட்டேன் மேடம். டாக்டராண்ட சொல்லாத. மாத்தர ஏத்தாத.”

பேபி நீட்டிய கையைப் பார்த்ததும் அடி விழப்போகிறது என்று நினைத்து முகத்தை மறைத்துக்கொண்டாள். பேபி கையை இழுத்துக்கொண்டு, கதவைத் திறந்து, ஆயாவைக் கூப்பிட்டு அழைத்துப் போகச் சொன்னாள்.

மாத்திரையைக் குறைக்கும்படி டாக்டரிடம் சொல்லலாம் என்று அன்று சாயங்காலம் வரை யோசித்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று அவர் கேட்பார். அதனால் சொல்லவில்லை.