சி குழுவின் சாப்பாட்டுப் பை

நடப்பது உடம்புக்கு நல்லது, நல்லது என்று சொல்லியே என் உயிரை வாங்கினார்கள். எண்பதுகளின் கடைசியில் கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து மாதாமாதம் இரண்டாம் சனிக்கிழமை மலையேறக் கிளம்புவோம். ஆபீசுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அன்றைக்கு விடுமுறை. ஞாயிறு என்றால் எங்களில் பாதிப் பேருக்கு சர்ச் இருக்கும், அதனால் சனிக்கிழமைதான் தோது. பல்லாவரம் குன்று, வண்டலூர் காட்டோரத்துப் பாறை, திருநீர்மலைப் படி என்று பக்கத்தில் தொடங்கி, செங்கல்பட்டுக்கு அந்தப்புறம் வரை போனோம்.

தலைவர் என் கணவரின் ஆபீஸ் நண்பர். காலேஜில் என்.சி.சி.யில் இருந்தவராம். அப்போது கழுத்தில் மாட்டிய விசிலை நாற்பது வயதாகியும் கழற்றவில்லை. எல்லாராலும் ஒரே மாதிரி நடக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்தது ஒரு வழியில் நல்லதுதான். ஆனால் அதற்கு அவர் கண்ட வழி எங்களை மூன்றாகப் பிரித்தது. வேகமாக ஏறுகிறவர்கள் ஏ குழு, சுமாராக ஏறுகிறவர்கள் பி குழு, மீதி சி குழு. நானோ டீச்சர், தினமும் பிள்ளைகளுக்கு கிரேடு போடுகிறவள். எனக்கு ஒருவர் கிரேடு போட்டதும் பற்றிக்கொண்டு வந்தது. என் கணவர் ஏ. நான் சி.

எனக்குக் கனத்த உடம்பு, கூடவே இளைப்பு. நடக்க முடியாது என்றில்லை, மெதுவாகத்தான் முடியும். சி குழுவில் என்னுடன் இருந்தது பக்கத்து வீட்டு அக்கா மட்டும். அவருக்கு முழங்கால் வலி. உச்சியெல்லாம் அவருக்கு வேண்டாம். அடிவாரத்தில் ஒரு மரநிழலும் வாரப் பத்திரிகையும் வறுத்த கடலையும் கிடைத்தால் போதும். எனக்கு அப்படி இல்லை. எனக்கு உச்சி வேண்டும். ஒரே ஒரு தடவை மேலே போய் உட்கார வேண்டும்.

அதுதான் நடக்கவில்லை. ஏ குழு பாதிவழியில் ஒரு பாறை பார்த்து உட்கார்ந்து காற்று வாங்கும், கதை பேசும். நான் நாக்குத் தள்ள அங்கே போய்ச் சேருவேன். என் தலை தெரிந்ததும், "டீச்சர் வந்துட்டாங்க, கெளம்பலாம்" என்று தலைவர் எழுந்துவிடுவார். அவர்களுக்கு ஓய்வு நான் வந்து சேரும்வரை. எனக்கு ஓய்வு அவர்கள் பேண்ட்டில் மண்ணைத் தட்டிக்கொள்ளும்வரை. இதை ஒருநாள் சொல்லியும் பார்த்தேன். உங்களுக்காகத்தானே காத்திருந்தோம் என்றார் தலைவர், உண்மையாகவே மனம் புண்பட்டவராக. என்னத்தைச் சொல்ல!

இன்னொரு வழக்கமும் உண்டு. சாப்பாடு உச்சியில்தான். சாப்பிட்டு முடித்ததும் மேலிருந்து விசில் வரும். அது கேட்டால் எந்தக் குழு எங்கே இருந்தாலும் திரும்பி இறங்க வேண்டும், ரயிலைப் பிடிக்க வேண்டும். எனக்கு அந்த விசில் எப்போதும் முக்கால் மலையில்தான் கேட்டது. சி குழுவுக்கென்று கட்டிய பொட்டலத்தை வழியில் நின்றுகொண்டே தின்றுவிட்டு இறங்குவேன். வீட்டுக்கு வந்தால் என் கணவர் ஏரி தெரிந்தது, பாலாறு தெரிந்தது என்று அளப்பார். நீயும் பார்த்திருக்கணும் என்பார். நான் என்ன வீட்டிலா இருந்தேன்? அதே மலையில்தான் நானும் இருந்தேன்.

சமையல் ஒவ்வொரு மாதமும் ஒரு வீட்டு முறை. நான் சொல்ல வந்த சனிக்கிழமை என் முறை. விடியுமுன் எழுந்து எல்லாருக்கும் எலுமிச்சை சாதம் கிளறி, உருளைக்கிழங்கு வறுத்து, வாழையிலையில் பொட்டலம் கட்டி, பெரிய ரெக்ஸின் பையில் அடுக்கினேன். ரயிலில் செங்கல்பட்டு, அங்கிருந்து டவுன் பஸ். அடிவாரத்தில் இறங்கியதும் விசில். அன்றைக்குப் புது வேகத்தில் ஏறிக் காட்டுவதாக ஏ குழு ஏற்கெனவே சபதம் போட்டிருந்தது. பறந்துவிட்டார்கள். பின்னாலேயே பி குழுவும் போனது.

பை மரத்தடியில் அப்படியே இருந்தது. பி தூக்கி வரும் என்று ஏ நினைத்திருக்கிறது. ஏ எடுத்துப் போயிருக்கும் என்று பி நினைத்திருக்கிறது. சி என்று ஒன்று இருப்பதே யாருக்கும் நினைவில் இல்லை.

அங்கே மோர் விற்றுக்கொண்டிருந்த அம்மாள் பையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னாம்மா, சோத்த வுட்டுட்டுப் பூட்டாங்களா?"

கூப்பிட்டிருந்தால் கேட்கும் தூரத்தில்தான் இருந்தார்கள். நான் கூப்பிடவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். எதற்கு இந்த வேலை, பசித்தால் தானாக இறங்கி வருவார்கள் என்று அக்கா தடுத்தார். ஒரு பொட்டலத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு ஏறத் தொடங்கினேன். பை தோளை அறுத்தது. மூச்சு விசிலடித்தது. ஆனால் நிற்க வேண்டும் என்று தோன்றிய இடத்தில் நின்றேன், உட்காரத் தோன்றியபோது உட்கார்ந்தேன். என் வாழ்நாளில் இவ்வளவு சுகமாக மலை ஏறியதில்லை.

முக்கால் மலையில் என் கணவரும் தலைவரும் எதிரே இறங்கி வந்தார்கள். பசியில் இரண்டு பேர் முகமும் சுண்டிப்போயிருந்தது. நல்லவேளை, பை உன்னிடம் இருக்கிறது என்று என் கணவர் கையை நீட்டினார்.

"குடு, நாங்க கொண்டு போறோம். நீ மெதுவா வா."

கொடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? நான் போய்ச் சேருவதற்குள் இலைதான் மிச்சம் இருக்கும், விசிலும் வந்துவிடும்.

"முடியாதுங்க. சோறு இன்னிக்கு நான் நடக்கற வேகத்துலதான் வரும்."

பிடிவாதம் வேண்டாம், மேலே எல்லாரும் பசியோடு காத்திருக்கிறார்கள் என்று தலைவர் சமாதானம் பேசினார். காத்திருக்கட்டும் என்றேன். பாதை ஒற்றையடி, இருபுறமும் முள். என்னைத் தாண்டிப் போக வழியில்லை, போய் என்ன செய்வது? இரண்டு பேரும் என் பின்னாலேயே வந்தார்கள். நான் உட்கார்ந்தபோதெல்லாம் நின்றார்கள். தலைவர் கடிகாரத்தைப் பார்ப்பதும் பெருமூச்சு விடுவதுமாக இருந்தார். எனக்குக் கொஞ்சம்கூட இரக்கம் வரவில்லை.

உச்சிக்குப் போய்ச் சேர்ந்தோம். கீழே எதையாவது பார்த்தேனா என்றால், இல்லை. பையை இறக்கியதும் ஆளாளுக்குக் கையை நீட்டினார்கள். பொட்டலம் கொடுத்து, இன்னும் வேண்டும் என்றவர்களுக்கு மீதியைப் பிரித்து வைத்து, தண்ணீர் ஊற்றி, கடைசியில் என் பொட்டலத்தோடு ஒரு பாறையில் உட்கார்ந்தபோது மற்றவர்கள் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். முதல் கவளத்தைக் கையில் எடுத்தேன். தலைவர் விசில் ஊதிவிட்டார்.

எல்லாரும் எழுந்தார்கள். என் கணவரும் எழுந்தார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இந்த வண்டியை விட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாது டீச்சர், இறங்கும்போது சாப்பிட்டுக்கொண்டே வாருங்கள் என்றார் தலைவர்.

"நீங்க போங்க சார். நான் இப்பதான் வந்திருக்கேன்."

அவர் மறுபடி ஊதினார். நான் சாப்பிட்டேன். சற்று நேரம் தயங்கி நின்றுவிட்டு ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். என் கணவர் மட்டும் போகவும் முடியாமல் உட்காரவும் மனமில்லாமல் பாதை தொடங்கும் இடத்தில் நின்றார். நான் இலையை மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்தேன். கீழே ஏரி, அதன் ஓரமாகத் தண்டவாளம், பனைமரங்கள், ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகள். காற்று முந்தானையை இழுத்தது.

"இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் உனக்கு?" என்றார் அவர் எரிச்சலாக.

"தெரியாதுங்க," என்றேன். "மேல வந்து உக்காந்து எனக்குப் பழக்கமில்ல."