எக்ஸ்பி ஏற மறுத்த பெட்டி

கொம்பியூட்டர் திருத்தும் வேலையில் என்னைத் தலையைப் பிய்த்துக்கொள்ள வைத்த பெட்டிகள் பல. அவற்றில் முதலிடம் சிவமணி அக்காவின் பெட்டிக்குத்தான். இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்கள் படித்துவிட்டுச் சிரிக்கலாம். அன்றைக்கு எனக்கு அழுகைதான் வந்தது.

கனடாவின் மொன்றியல் நகரில், ஜான்-டலோன் சந்தைக்குப் பக்கத்தில் எங்கள் கடை. முதலாளி தேவன் அண்ணை, வேலைக்கு நான் ஒருவன். சிவமணி அக்கா திருகோணமலைக்காரர். சந்தையில் மரக்கறி விற்கும் இடத்தில் வேலை செய்தார். ஒரு வியாழக்கிழமை மூச்சு வாங்க உள்ளே வந்தார்.

“தம்பி, ஞாயிற்றுக்கிழமை என்ர மகனுக்கு லண்டனில கலியாணம். எனக்குப் போக ஏலாது. கொம்பியூட்டரில பாக்கலாமாம். ஆனா என்னட்டை இருக்கிறது பழைய விண்டோஸ் 98. கமராப் படம் வர எக்ஸ்பி வேணுமாம்.”

அவருடைய அகதி வழக்கு அப்போது முடியவில்லை. கனடாவை விட்டு வெளியே போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை. இருப்பதோ ஒரே பிள்ளை. “இதென்ன பெரிய வேலை, செய்து தாறன் அக்கா,” என்று வாயை விட்டேன்.

முதல் இரண்டு நாள்

அன்று மாலையே நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் அவர் இருந்த அப்பார்ட்மெண்டுக்குப் போனேன். எக்ஸ்பி சீடியைப் போட்டேன், நன்றாகப் படித்தது. ஹாட் டிஸ்க்கை ஃபோர்மட் செய்தேன். பிறகுதான் மெமரி மிகவும் குறைவு என்பது கண்ணில் பட்டது. அதில் எக்ஸ்பி ஏறினாலும் நகராது, கமராப் படமும் ஓடாது. “நாளைக்கு மெமரியோட வாறன், சீடி இங்கயே இருக்கட்டும்,” என்று சொல்லிப் புறப்பட்டேன். பழைய 98 அழிந்து போயிற்று. இனிப் பின்வாங்க வழியில்லை.

வெள்ளிக்கிழமை புது மெமரியைப் பூட்டி, மேசையில் இருந்த சீடியை எடுத்துப் போட்டேன். ஃபைல்கள் கொப்பி ஆகத் தொடங்கின. நடுவில் நின்றது. ஒரு ஃபைலைக் கொப்பி பண்ண முடியவில்லையாம். திரும்பத் தொடங்கினேன். இந்த முறை வேறொரு ஃபைலில் நின்றது. ஒரே இடத்தில் நின்றாலாவது பிடிக்கலாம், இது ஒவ்வொரு தடவையும் ஒவ்வோர் இடத்தில் மக்கர் பண்ணியது. நேற்றைக்கும் இன்றைக்கும் இடையில் மாறியது மெமரி மட்டும்தான். ஆகவே மெமரியில் கோளாறு என்று முடிவு கட்டிப் பெட்டியைக் கடைக்குத் தூக்கிப் போனேன்.

கடையில்

மெமரியைக் கடைக் கொம்பியூட்டரில் போட்டுப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. கடையில் இருந்த இன்னொரு எக்ஸ்பி சீடியை அக்காவின் பெட்டியில் போட்டேன். பழைய குருடி கதவைத் திறடி என்று அதே கதை. சீடி டிரைவாக இருக்குமோ என்று ஒரு பாட்டுச் சீடியைப் போட்டேன். அது தடங்கலில்லாமல் பாடியது. ஆகவே டிரைவும் நல்லது என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை தேவன் அண்ணை எட்டிப் பார்த்தார்.

“என்னடாப்பா, இன்னும் முடியேல்லையோ? ஹாட் டிஸ்க்கை மாத்திப் பார்.”

“மாத்தியாச்சு அண்ணை.”

“கேபிள்?”

“அதுவும் மாத்தியாச்சு.”

“அப்ப பேய்தான்,” என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்.

எனக்கு மூளை கலங்கிவிட்டது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாச் சாமானும் சுத்தம், ஒன்றாகச் சேர்ந்தால் குழப்படி. நாளைக்குக் கலியாணம். அந்தத் தாய்க்கு என்ன பதில் சொல்வது?

வேலை முடிந்து அக்கா வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. கதிரையில் தொப்பென்று இருந்தார்.

“என்ர விதி தம்பி. நல்ல காரியமெண்டு உங்கட சீடிக்குச் சந்தனமும் வைச்சு, சாமிப் படத்துக்கு முன்னால வைச்சுக் கும்பிட்டுத்தானே எடுத்தனான். பிறகும் ஏன் இப்பிடி?”

“சந்தனமோ? சீடியில எங்கை வைச்சனீங்கள்?”

“கண்ணாடி மாதிரி மினுங்கிற பக்கத்தில. மற்றப் பக்கம் எழுத்து இருந்தது. எழுத்தில பூசினா சரஸ்வதிக்கு ஆகாது. வெள்ளிக்கிழமை காலமை சீலைத் தலைப்பால வடிவாத் துடைச்சும் விட்டனான்.”

அட கடவுளே! டிரைவைக் கழற்றித் திறந்தேன். சீடியைப் படிக்கும் லென்ஸின் மேல் மெல்லிய மஞ்சள் தூள். காய்ந்த சந்தனம் சீடி சுழன்றபோது உதிர்ந்து அங்கே ஒட்டியிருக்கிறது. பாட்டுச் சீடியை அங்குமிங்கும் விட்டுப் படித்தாலும் காதுக்குத் தெரியாது. எக்ஸ்பி அப்படியல்ல, ஓர் எழுத்துப் பிசகினாலும் நின்றுவிடும். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டு, கடைச் சீடியைப் போட்டேன். ஓரிடத்திலும் நிற்காமல் ஏறியது. அன்றிலிருந்து எந்தப் பெட்டி வந்தாலும் அதைத் திறப்பதற்கு முன்னால் வீட்டுக்காரரோடு இருந்து கதைப்பேன். “இதுக்கு என்ன செய்தனீங்கள்?” என்று கேட்பதில்லை, கேட்டால் ஒன்றும் செய்யவில்லை என்பார்கள். சும்மா கதைத்தால் எல்லாம் வரும்.

ஞாயிறு காலை

பெட்டியைக் கொண்டுபோய்ப் பூட்டி, கமராவைச் சரிபார்க்க நானும் விடியப் போனேன். அக்கா பட்டுச் சீலை கட்டி, மொனிட்டருக்கு முன்னால் இருந்தார். லண்டன் மண்டபம் வந்தது, மகன் வந்தார், கலியாணப் பொம்பிளை வந்தார். அக்கா திரைக்குக் கிட்டக் குனிந்தார். தாலியை எடுக்கிற நேரம் படம் உறைந்துபோயிற்று. மகனின் பாதி முகமும் ஐயரின் முழங்கையும் அப்படியே நின்றன.

“கட்டிட்டானோ தம்பி?”

“தெரியேல்லை அக்கா.” மவுஸை ஆட்டினேன். ஒன்றும் அசையவில்லை. படம் போனாலும் சத்தம் வந்துகொண்டிருந்தது. திடீரென்று ஸ்பீக்கரில் கெட்டிமேளம் முழங்கியது.

“அக்கா, கட்டுறார்! இப்பத்தான் கட்டுறார்!”

அக்கா எழுந்தார். மடியில் வைத்திருந்த கிண்ணத்தையும் தூக்கிக்கொண்டு, அதில் கையை விட்டு, கலியாணத்தில் வாழ்த்திப் போடும் அறுகரிசியை அள்ளி, உறைந்து நின்ற அந்தப் பாதி முகத்தில் போட்டார். “நல்லாயிரு ராசா, நல்லாயிரு,” என்று சொல்லிச் சொல்லிப் போட்டார். மொனிட்டரின் மேல் ஓட்டைகளுக்குள் அரிசி சலசலவென்று இறங்கியது. கீபோர்ட் முழுக்க அரிசி. வேறு நாளென்றால் பாய்ந்து கையைப் பிடித்திருப்பேன்.

கையை நீட்டினேன்.

“எனக்கும் கொஞ்சம் தாங்கோ அக்கா.”