ஜெனிஃபரின் தாகம்

உத்திரமேரூர்ப் பக்கமிருந்து ஒரகடத்துக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் ஜெனிஃபர் முன்சீட்டில்தான் உட்காருவாள். நடுவழியில் நிறுத்தச் சொல்லவேண்டி வரும். இருபது வயது, செல்போன் பாகங்கள் பொருத்தும் வேலை. ஆடி மாதத்திலிருந்து அவளுக்கு அடங்காத தாகம். குடித்ததெல்லாம் உடனே சிறுநீராகப் போய்விடும். அடிக்கடி எழுந்து போகிறாள் என்று சூப்பர்வைசர் கூப்பிட்டுக் கண்டித்தார். சர்க்கரை பார்த்தாள், சரியாகத்தான் இருந்தது.

மாதவிலக்கும் நின்றுபோயிருந்தது. அதை முதலில் கவனித்தவள் அம்மா சிட்டம்மாள். நடவு, களையெடுப்பு என்று கூலிக்குப் போகிறவள்.

"எத்தினி மாசமா குளிக்கல நீ?"

"நாலு மாசம் இருக்கும்மா."

"யாரு அவன்?"

"யாரும் இல்லம்மா. சத்தியமா இல்ல."

சிட்டம்மாள் அவளை ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போனாள். கர்ப்பமானால் ரத்தத்தில் வரும் ஹார்மோன் கொஞ்சம் இருப்பதாக முடிவு வந்தது. திரும்பும்போது பஸ்ஸில் மகளுக்குப் பக்கத்தில் சிட்டம்மாள் உட்காரவில்லை. அப்பா எல்லப்பன் அன்று சோற்றைத் தொடவில்லை.

அடுத்த வாரம் அரசு மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா, "கர்ப்பப்பையில ஒண்ணுமே இல்லையே" என்றார்.

"நான்தான் சொன்னேனே மேடம்" என்றாள் ஜெனிஃபர்.

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "வேற என்ன தொந்தரவு இருக்கு உனக்கு?"

"ஓயாத தாகமா கீது. ரெண்டு ஓரமும் சரியா தெரியல மேடம். நெலப்படில இடிச்சிக்கினே கீறேன்."

டாக்டர் தன் விரலைப் பக்கவாட்டிலிருந்து மெல்ல முன்னால் கொண்டுவந்தார். ஏறக்குறைய முகத்துக்கு நேரே வரும்வரை அது அவளுக்குத் தெரியவில்லை.

"கரு இருந்தாத்தான் இந்த ஹார்மோன் வரும்னு இல்லம்மா" என்று சிட்டம்மாளிடம் சொன்னார் டாக்டர். "மூளையில வர்ற சில கட்டியும் இதைச் சுரக்கும். உடனே சென்னைக்குக் கூட்டிட்டுப் போங்க."

சென்னையில் எடுத்த ஸ்கேனில் பார்வை நரம்பை ஒட்டி, நெல்லிக்காய் அளவில் கட்டி தெரிந்தது. கருமுட்டையாக வேண்டிய செல்கள், தாய் வயிற்றில் இருக்கும்போதே வழி தவறி மூளையில் தங்கிவிடுவதால் இப்படி வரலாம் என்றார் அறுவை டாக்டர்.

"முழுசா வெட்டப் போறதில்ல. வெட்டினா பார்வைக்கு ஆபத்து. மூக்கு வழியா துளி சதை எடுத்துப் பார்ப்போம். நாங்க நெனைக்கிற வகைதான்னா, மருந்துக்கும் கதிர்வீச்சுக்கும் கரைஞ்சிடும்."

அறுவைக்கு அழைத்துப் போகுமுன் மகளுக்குச் சிட்டம்மாள் தலை பின்னிவிட்டாள்.

"நான் ஒன்ன அப்டி கேட்டிருக்கக் கூடாது."

"கேட்டது பரவால்லம்மா. சொன்னத நம்பியிருக்கலாம்."

 சிட்டம்மாள் பின்னலை முடித்து ரப்பர்பேண்டு போட்டாள்.

டாக்டர்கள் நினைத்த வகையேதான். மருந்து ஏறிய நாட்களில் வாந்தி எடுத்தாள், முடியெல்லாம் கொட்டியது. கதிர்வீச்சு முடிந்து எடுத்த ஸ்கேனில் கட்டி இல்லை. பார்வை பெரும்பாலும் திரும்பியது. இடது ஓரம் மட்டும் இன்னும் மங்கல். கட்டி கெடுத்த சுரப்பி மீளாது என்பதால் தாகத்துக்கும் மாதவிலக்குக்கும் ஆயுள் முழுக்க மாத்திரை உண்டு. ஒரு வேளை மறந்தாலும் நாக்கு வறண்டுவிடும்.

இப்போது ஜெனிஃபர் அதே கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கிறாள். சென்னைக்கு ஸ்கேனுக்குப் போகும்போதெல்லாம் எல்லப்பன் துணைக்கு வருவார். பஸ்ஸில் அதிகம் பேசமாட்டார். ஸ்கேன் முடிந்ததும் "பிரியாணி துன்லாமா?" என்று மட்டும் கேட்பார். இருவரும் சாப்பிட்டுவிட்டு சாயங்கால பஸ்ஸைப் பிடிப்பார்கள்.