நைனா கட்டிய மஞ்சள் துணிகள்

இந்த நினைவு மலரின் கடைசிப் பக்கத்துப் படத்தில் நான் மொட்டைத் தலையோடு நிற்கிறேன். "கல்யாண வயசுல இன்னாடி கோலம் இது?" என்று அத்தை கேட்டார். உங்களில் பலரும் கேட்பீர்கள். அதனால் எழுதுகிறேன்.

அப்பாவை நாங்கள் நைனா என்போம். அவர் திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் போகாதவர். மரம் வெட்டும் கூலி வேலையில்தான் என்னைப் படிக்க வைத்தார். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை.

போன வருடம் புயல் அடித்தபோது இந்தப் பக்கத்துத் தோப்புகள் பாதி சாய்ந்தன. வெட்டக் கூப்பிட்ட இடங்களில் எல்லாம் நைனா முதலில் வேரைத்தான் பார்த்தார். ஒரு பக்க வேர் மண்ணில் இருந்தால் வெட்ட மாட்டார். கிளைகளைக் கழித்து, ஈரம் காய்வதற்குள் கயிறு போட்டு நிமிர்த்தி, சவுக்குக் கம்பால் முட்டுக் கொடுப்பார். தோப்புக்காரர்களுக்கு நிவாரண மனு எழுதித் தந்தது நான்.

கனகம்மாசத்திரம் பக்கத்துத் தோப்புக்காரர் ஒருவர், நைனா நிமிர்த்தித் தரும்வரை பொறுக்கவில்லை. சாய்ந்த பதினோரு மாமரங்களையும் பிடுங்கிப் போட ஜேசிபி கொண்டுவந்தார். வண்டி வருவதற்குள் நைனா பதினோரு மரத்திலும் மஞ்சள் துணி கட்டியிருந்தார். வேண்டுதல் துணி கட்டிய மரத்தில் எங்கள் பக்கம் யாரும் கை வைக்க மாட்டார்கள்.

"யாருய்யா இத கட்டினது?" என்று கேட்டார் தோப்புக்காரர்.

"நான்தாங்க. பொழைச்சா மொட்ட போடறேன்னு முருகன்கிட்ட வேண்டிக்கினேன்."

"உன் மண்டையில கீறதே மூணு முடி. அதுக்குப் பதினோரு மரமா?"

டிரைவர் இஞ்சினை நிறுத்திவிட்டார். "சாமி சமாச்சாரம்ங்க. நான் தொடமாட்டேன்."

பதினோரு மரத்தையும் நிமிர்த்தி முட்டுக் கொடுத்துவிட்டு நைனா வீட்டுக்கு வந்ததும் நான் கேட்டேன். "நெஜமாவே வேண்டிக்கினியா நைனா?"

"மரம் துளுக்கட்டும், சொல்றேன்" என்று சிரித்தார்.

அடுத்த மாதம் வேறொரு தோப்பில் கயிறு இழுத்துக்கொண்டிருந்தவர் உட்கார்ந்தார். எழவில்லை. செய்தி வந்தபோது நான் ஒரு மனு எழுதிக்கொண்டிருந்தேன். அதை முடித்துக் கையெழுத்து வாங்க வேண்டிய இடத்தில் புள்ளி வைத்துவிட்டுத்தான் எழுந்தேன். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை அழவும் இல்லை.

காரியம் முடிந்து இரண்டு வாரம் கழித்துத் தோப்புக்காரர் எங்கள் வாசலில் வந்து நின்றார். "ஒம்பது மரம் துளுத்துட்ச்சிம்மா. ரெண்டு போயிட்ச்சி" என்றார். இந்த வருடம் அவை பூத்திருக்கின்றன.

நைனா வேண்டிக்கொண்டாரா, வண்டியை நிறுத்தச் சொன்ன பொய்யா என்று இனி கேட்க முடியாது. இரண்டில் எதுவானாலும் அவர் சொன்ன சொல் நிற்க வேண்டும்.

நைனாவோடு கயிறு பிடித்தவர்களுக்கும், அவரைத் தூக்கி வந்தவர்களுக்கும், இஞ்சினை நிறுத்திய அந்த டிரைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

முருகன் மலையில் மொட்டை போடுகிறவர், "யாருக்கும்மா வேண்டுதல்?" என்று கேட்டார்.

"ஒன்பது மாமரத்துக்கு" என்றேன்.

அவர் என் தலையில் தண்ணீர் தெளித்து, "குனிம்மா" என்றார்.