கிணற்றில் கரைத்த சீனி

வீணாய்ப் போனதைக் கடலில் கரைத்த பெருங்காயம் என்பார்கள். நான் கரைத்தது கிணற்றில், அதுவும் சீனியை. அப்போது எனக்கு ஏழு வயது. யுத்தகாலம், சீனி கூப்பனுக்குத்தான் கிடைக்கும். அதை அம்மா ஒரு தகரப் பேணியில் போட்டு, எறும்பு ஏறாதபடி தண்ணீர் ஊற்றிய தட்டத்தின் நடுவே வைத்துக் காவல் காத்தார். எங்களுக்குத் தேத்தண்ணியோடு கடிக்க ஒரு துண்டு பனங்கட்டி. பேணிச் சீனி விருந்தாளிக்கும் காய்ச்சல்காரருக்கும் மட்டும்.

நெடுந்தீவில் எங்கள் வீட்டுக் கிணறு சவர். உப்புக் கரிக்கும் அந்தத் தண்ணீரைப் பிறந்ததிலிருந்து குடித்த எனக்குத் தண்ணீர் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைப்பு. மூத்த அண்ணை கல்யாணம் கட்டி, யாழ்ப்பாணத்துச் செம்மண் ஊர் ஒன்றிலிருந்து மச்சாளைக் கூட்டி வந்த பிறகுதான் எங்கள் தண்ணீருக்கு ஒரு ருசி இருப்பதே தெரிந்தது. முதல் வாய் குடித்தபோது மச்சாளின் முகம் போன போக்கை நான் இன்னும் மறக்கவில்லை. ஆனால் அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

அண்ணன்மாரோடு அடிபட்டு வளர்ந்த எனக்கு மச்சாள் வந்ததும் வாழ்வு வந்தது. அம்மா சீப்பால் தலை இழுத்தால் கண்ணீர் வரும், மச்சாள் இழுத்தால் நித்திரை வரும். அவருடைய பாயில் பாதி என்னுடையது. அதற்கு அண்ணை என்ன நினைத்தார் என்று நான் யோசித்ததில்லை.

சில மாதங்கள் போக, காலையில் எழும்பியதும் மச்சாள் ஓங்காளித்துச் சத்தி எடுக்கத் தொடங்கினார்; குடித்த தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை. ஒருநாள் அம்மா ஐயாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"இந்தப் பிள்ளைக்கு எங்கடை தண்ணி ஒத்துவரேல்லை. கொஞ்ச நாளைக்குத் தாய் வீட்டிலை கொண்டுபோய் விட்டால் என்ன?"

"ஓம், காத்து அடங்கட்டும். வள்ளத்திலை கூட்டிக்கொண்டு போகலாம்," என்றார் ஐயா.

பக்கத்து வீட்டு மருமகளும் இப்படித்தான் கொஞ்ச நாளைக்கு என்று வள்ளம் ஏறினவர். போனவர் போனவர்தான்.

தண்ணீர்தான் குற்றவாளி என்றால் தண்ணீரைத் திருத்தினால் முடிந்தது. ஒரு பேணி சாயத் தேத்தண்ணியின் கசப்பைப் போக்க ஒரு கரண்டி சீனி போதும். அப்படியென்றால் கிணற்றுக்கு ஒரு முழுப் பேணிச் சீனி. கணக்கில் நான் கெட்டிக்காரி. மத்தியானம் அம்மா கண்ணயர்ந்த நேரம் குசினிக்குள் போய்ப் பேணியை எடுத்தேன். கிணற்றுக்கட்டில் ஏறி அப்படியே கவிழ்த்தேன். ஒரு கணம் வெள்ளையாய் இறங்கியது, பிறகு காணவில்லை.

அள்ளிக் குடித்துப் பார்த்தேன். சவர். தேத்தண்ணியைக் கலக்காவிட்டால் சீனி அடியில் கிடக்குமல்லவா? வாளியை அடிவரைக்கும் இறக்கி, கை உளையும்வரை ஆட்டிக் கலக்கினேன். திரும்பக் குடித்தேன். பழைய சவரேதான். கிணற்றுக்கட்டிலேயே குந்தி அழத் தொடங்கினேன்.

சத்தம் கேட்டு வந்தவர் மச்சாள். என் முகத்தைப் பார்த்தார். பிறகு கிணற்றுக்கட்டைப் பார்த்தார். சிந்திய சீனியைச் சுற்றி எறும்புகள் வந்துவிட்டிருந்தன.

"என்ன பிள்ளை செய்தனீ?"

"நீங்கள் போகாதேங்கோ மச்சாள். தண்ணியை இனிப்பாக்கப் பாத்தனான். ஏலாமல் கிடக்கு."

அவர் தானே ஒரு வாளி அள்ளினார். இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தார். நான் அவருடைய தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஆர் சொன்னது ஏலாதெண்டு? எனக்கு இனிக்குது," என்றார். மிச்சத் தண்ணீரைக் கிணற்றுக்கட்டில் ஊற்றி எறும்புகளைக் கழுவிவிட்டார்.

பின்னேரம் அம்மா வெறும் பேணியைத் தட்டிப் பார்த்தபோது நான் மச்சாளின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தேன்.

"நான்தான் மாமி திண்டனான். வாய் கசந்து கிடந்தது," என்றார் மச்சாள். "இப்ப சுகம். தண்ணியும் பழகிட்டுது. நான் ஊருக்குப் போகேல்லை."

"முழுப் பேணியுமோ?" என்று கேட்ட அம்மா, ஏசுவதற்குப் பதிலாகச் சிரித்தார். நான் விரலால் தொட்டு நக்கினாலே பூவரசங்கம்பு தேடுகிறவர்! பெரியவளானதும் எப்படியாவது ஒரு வீட்டுக்கு மருமகளாய்ப் போய்விட வேண்டும் என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

அந்தச் சிரிப்பின் காரணம் சில மாதங்களில் அண்ணையின் மகனாய், எனக்கு மருமகனாய்ப் பிறந்து, வளர்ந்து, பள்ளிக்கூடத்தில் இரசாயனமும் படிப்பித்தது. இந்தக் கதையை அவனுக்குச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தான். "கரைஞ்சது காணாமல் போறேல்லை மாமி. உங்கடை சீனி கிணறு முழுக்கப் பரவித்தான் இருந்திருக்கும். நாக்குக்குத் தெரியிற அளவுக்குப் போதாது, அவ்வளவுதான். தெரிஞ்சிருந்தாலும் உப்பு எங்கை போறது? ரெண்டும் ஒரே தண்ணிக்குள்ளைதானே இருக்கும்," என்றான்.

அவன் சொன்னது சரி. ஆனால் மச்சாள் போகவில்லை. பிள்ளைப்பேறு வரையும் எங்கள் வீட்டிலேயே இருந்தார், பிறகும் அந்தக் கிணற்றைத்தான் குடித்தார். எனக்கு அவர் கொடுத்ததை நான் என்ன கொடுத்தும் ஈடுகட்ட முடியாது. அதைச் சொல்லப் போனால், "போடி விசரி," என்று பேச்சை மாற்றிவிடுவார்.

சீனி கரைத்த மறுநாள் காலையில் மச்சாளைப் பாயில் காணவில்லை. தேடிக்கொண்டு போனேன். மாட்டுப்பட்டிக்குப் பின்னால், கல்மதிலை ஒரு கையால் பிடித்தபடி குனிந்து நின்றார்.

"என்ன தேடுறியள் மச்சாள்?"

அவர் சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தார். "தோடு விழுந்திட்டுது பிள்ளை."

நானும் முழங்காலில் இருந்து புல்லை விலக்கித் தேடினேன். அதற்கடுத்த நாளும் தேடினேன். இரண்டு தோடும் அவர் காதிலேயே இருந்தன. நான் நிலத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.