போனில் விழுந்த பெயர்

எங்கள் ஊரில் ஒரு பெண் மௌத்தானால் குளிப்பாட்டிக் கஃபன் துணி சுற்ற என்னைக் கூப்பிடுவார்கள். மகளுக்கு ராமநாதபுரத்தில் ஒரு சம்பந்தம் வந்தது. இந்த வேலையைப் பற்றி மாப்பிள்ளையின் உம்மாவிடம் நேரில் சொல்ல இருந்தேன்.

பெண் பார்க்க என்றைக்கு வருகிறார்கள் என்று கேட்கப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை.

சம்பந்தம் கொண்டுவந்த பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். என்னை அக்கா முறையில் லாத்தா என்பாள்.

"லாத்தா, நீங்க கூப்புட்டா அவுக போன்ல 'மையத்து குளிப்பாட்டுற லாத்தா'ன்னு விழுகுதாம். மாப்பிள்ளையோட வாப்பா ஆஸ்பத்திரில கெடக்காக. அதப் பாத்ததும் அந்தம்மா போனக் கீழ போட்டுருச்சாம்."

அந்தப் பெயரை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. மகள் விளக்கினாள். ஊர்க்காரர்கள் அவரவர் போனில் என்னை அப்படி எழுதி வைத்திருக்கிறார்கள். கூப்பிடுகிறவர் பெயரைக் காட்டும் ஆப் ஒன்று, அதில் யாரோ ஒருவர் போனிலிருந்து அதை எடுத்துக்கொண்டது. என்னிடம் கேட்கவில்லை.

"நம்பர மாத்துங்க உம்மா."

"மாத்துனா மௌத்து வீட்டுக்காரவுக என்னைய எப்படித் தேடுவாக?"

பழையது இருக்கட்டும் என்று சம்பந்தம் பேச மட்டும் இன்னொரு சிம் வாங்கினேன். நம்பரை மகளுக்கும் பக்கத்து வீட்டுக்காரிக்கும் மட்டும் கொடுத்தேன். பத்து நாளில் சிம் விற்ற கடைக்காரர் போனுக்கு அடித்துப் பார்த்தேன். 'மையத்து லாத்தா புதுசு' என்று வந்தது.

பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்டேன்.

"வேற எப்படி எழுதுறது? வெறும் லாத்தான்னு போட்டா என் போன்ல பதினோரு பேரு இருக்காக."

சிம்மைக் கழற்றி வைத்துவிட்டு ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறினேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்தம்மா கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தார். சலாம் சொன்னேன்.

"போன்ல வந்தது நாந்தான். பொண்ணு வீடு. உங்க வீட்டுக்காரவுகளுக்கு எப்படி இருக்கு?"

என் கையையே பார்த்தார். நான் மறைக்கவில்லை.

"பயந்துட்டேன்," என்றார். "இப்பத் தேவல. ரெண்டு வாய் கஞ்சி குடிச்சாக."

தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார். நானும் உட்கார்ந்தேன். கஞ்சியை ஆற்றி மூடி வைத்தார். பிறகு போனை எடுத்தார்.

"என்ன பேரு போட?"

"பொண்ணோட உம்மான்னு போடுங்க."

ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார். மாப்பிள்ளையின் வாப்பா வீடு திரும்பிய வாரம் பெண் பார்க்க வந்தார்கள். மற்றவர்கள் போனில் பழைய பெயர்தான். கூப்பிட்டால் போகிறேன்.